கூடவே வந்த நாற்பது இலை

திருச்சியிலிருந்து இலங்கைக்கு ஏழு நாள் இன்பச் சுற்றுலா போன முப்பத்தெட்டுப் பேரையும், அவர்களைக் கூட்டிக்கொண்டு போன மேனேஜர் தண்டாயுதத்தையும், அவர்களுக்குச் சமைத்துப் போடுவதற்கென்று கூடப் போன நெல்லைநாயகத்தையும், ஆளுக்கொன்றாக நாற்பது வாழை இலைகள் பின்தொடர்ந்து வந்தன. வெறும் இலைகள் அல்ல. சோறும் பருப்பும் கிழங்கும் கீரையும் பாயாசமும் பரிமாறி, ஆவி பறக்க, நுனி இடது பக்கம் இருக்கும்படி முறையாகப் போட்ட இலைகள். அவை மலையிலிருந்து இறங்கின, கடலைத் தாண்டின, விமான நிலையத்தில் சோதனை முடித்து வெளியே வந்தன, அவரவர் வீட்டு வாசல்படி ஏறின. இதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. பஸ்ஸில் ஏ.சி. வேலை செய்யவில்லை என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

இந்த மாதிரிச் சுற்றுலாக்களைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டைக் கண்ணால் பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது என்பது இவர்களுடைய கொள்கை. எனவே அரிசி, பருப்பு, புளி, சாம்பார்ப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டு கேஸ் அடுப்பு, இட்லிக் கொப்பரை எல்லாவற்றோடும் ஒரு சமையல்காரரும் கூடவே விமானம் ஏறுவார். போகிற இடத்தில் பஸ்ஸை ஒரு மர நிழலில் நிறுத்தி, அவர்கள் கோட்டை பார்த்துவிட்டு வருவதற்குள் இவர் வத்தக்குழம்பை இறக்கி வைத்திருப்பார். தண்டாயுதம் அடித்திருந்த நோட்டீஸில், பார்க்கும் இடங்களின் பட்டியலுக்கும் மேலே, கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: ‘சுத்த சைவச் சாப்பாடு. சமைப்பவர் நம்மவர்.’ அந்தக் கடைசி வார்த்தையைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள்.

நம்மவரான நெல்லைநாயகத்துக்கு ஐம்பத்தாறு வயது. நெற்றியில் மூன்று பட்டை விபூதி, கழுத்தில் ஒற்றை உருத்திராட்சம், இடுப்பில் எப்போதும் துவைத்துக் கட்டிய வேட்டி, பேச்சில் அளவாகத் தூவிய திருநெல்வேலி வாடை. அவர் பிறந்தது திருநெல்வேலியில் அல்ல. துறையூர்ப் பக்கம் ஓலைக்குடியில், குளத்துக்குக் கீழே இருக்கும் தெருவில், முத்தன் என்பவருடைய பேரனாக, சின்னமுத்து என்ற பெயரோடு பிறந்தார். பதினைந்து வயதில் வீட்டைவிட்டு ஓடிப் போய்த் திருநெல்வேலியில் ஒரு மெஸ் வாசலில் பாத்திரம் கழுவ வேலை கேட்டபோது, மெஸ்காரர் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை, எந்த ஊர் என்று கேட்டார், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார், தெருவில் யார் வீடு என்று கேட்டார். மூன்றாவது கேள்வி முடிவதற்குள் சின்னமுத்து செத்துப் போய் நெல்லைநாயகம் பிறந்துவிட்டார். அதற்குப் பிறகு நாற்பத்தோரு வருஷம் அவர் ஓலைக்குடிப் பக்கம் போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பெண் கொடுக்கிறவர்கள் மூன்று கேள்வியோடு விடுவார்களா? பதினோரு வருஷமாகத் தண்டாயுதத்தின் கம்பெனியில் சமையல், கம்பெனியின் பாத்திரக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு பாய், ஒரு சாமி படம். கைப்பக்குவம் மட்டும் கடவுள் கொடுத்தது. அவருடைய ரசத்தைக் குடித்துவிட்டு, “இதெல்லாம் பரம்பரையா ரத்தத்துல வரணும்யா” என்று சொல்லாத பெரிய மனிதர் திருச்சியில் இல்லை. அவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வார். அடுத்த கேள்வி வருவதற்குள் வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார்.

நோட்டீஸில் மூன்றாம் நாளுக்கு நேரே, ‘தொப்புள்கொடி உறவுகளோடு ஒரு மதியம்’ என்று போட்டிருந்தது. கோயிலும் கோட்டையும் யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள், நாம் மனிதர்களைக் காட்டுகிறோம் என்பது தண்டாயுதத்தின் வியாபார நுட்பம். நுவரெலியாவுக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி ஏறுகிற பாதையில், கல்லுமலைத் தோட்டம் என்று ஒரு தேயிலைத் தோட்டம். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்து கூலி வேலைக்கு ஆள் பிடித்த கங்காணிகள் கூட்டிப் போன ஜனங்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் அங்கே லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். கொழுந்து பறிக்கிற கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் பெண்கள் பகுதியில் ஒரே உற்சாகம்.

தோட்டத்து ஜனங்கள் இந்த விருந்துக்காக வீட்டுக்கு வீடு அரிசி சேர்த்திருந்தார்கள். விருந்தாளிகள் சைவம் என்று கேள்விப்பட்டு, மூன்று நாளாக லயத்தில் கருவாட்டு வாடையே வராமல் பார்த்துக்கொண்டார்கள். மலையில் நல்ல வாழை இலை கிடைக்காது என்று கீழே போய் நாற்பது நுனி இலை பார்த்துப் பார்த்து வாங்கி, குளிருக்குக் கிழியாமல் ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கும்மியடித்தார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் ராஜமாணிக்கம் மாஸ்டர் வரவேற்றுப் பேசினார். பிறகு பாய் விரித்து, இலை போட்டு, முதலில் இடது மூலையில் உப்பு வைத்து, ஒவ்வொன்றாகப் பரிமாறி முடித்து, சாப்பிட வாருங்கள் என்று கைகூப்பி நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஓய்வுபெற்ற தாசில்தார் சிவசிதம்பரம் பாசமாக ஒரு கேள்வி கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டார் என்று சொல்ல மாட்டேன். நம் ஜனங்களுக்குப் புது மனிதரைப் பார்த்தால் வாயில் தானாக வருகிற கேள்வி அது.

“உங்களுக்கெல்லாம் பூர்வீகம் எது?”

“துறையூர்ப் பக்கம் ஓலைக்குடிங்க” என்று பத்துப் பதினைந்து குரல்கள் ஒன்றாகச் சொல்லின.

“அட, துறையூர்ல நான் மூணு வருஷம் தாசில்தாரா இருந்தவனாச்சே. ஓலைக்குடில எங்க?”

கல்லுமலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்கு, அ எழுதுவதற்கும் முன்னால், ஊர் சொல்லிக் கொடுப்பார்கள். ஊர் எது என்றால் ஓலைக்குடி, இடம் எது என்றால் குளத்துக்குக் கீழே. யாருமே அந்தக் குளத்தைப் பார்த்ததில்லை. என்றைக்காவது ஊரிலிருந்து ஆள் வந்தால் அடையாளம் சொல்ல வேண்டுமே என்று, நகையைப் பூட்டி வைப்பதுபோல மூன்று தலைமுறையாக அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். இப்போது ஊரிலிருந்து ஆள் வந்து கேட்டதும், சின்னது பெரியது எல்லாம் சேர்ந்து, பெருமையோடு, மண்டபமே அதிரச் சொன்னார்கள்.

“குளத்துக்குக் கீழங்க.”

சிவசிதம்பரம், “ஓகோ” என்றார். அந்த ஓகோ முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போக அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தெட்டுப் பேருக்கும் என்னென்னவோ வந்துவிட்டது. ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவருக்கு டாக்டர் வெளியே சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். தாசில்தார் மனைவி லோகாம்பாளுக்கு அன்றைக்குப் பார்த்து விரதம் என்று நினைவு வந்தது. “உங்க அன்பே எங்களுக்கு வயிறு நெறஞ்ச மாதிரி” என்று தண்டாயுதம் மைக்கில் நன்றி சொன்னார். எல்லாரும் வணங்கிக்கொண்டே பின்பக்கமாக நடந்து போய் பஸ்ஸில் ஏறி, கண்ணாடியைச் சாத்திக்கொண்டு, நெல்லைநாயகம் தயாராக வைத்திருந்த தயிர்சாதத்தைத் தட்டில் வாங்கிச் சாப்பிட்டார்கள். பஸ் ஓட்டிய சுனில் மட்டும் சிங்களவர். அவர் மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

ஊறுகாய் டப்பாவைத் திறந்துகொண்டு நின்ற நெல்லைநாயகத்திடம் ஒரு அம்மாள் வந்தாள். எழுபது வயது இருக்கும். பெயர் காத்தாயி. பஸ் கதவுக்கு வெளியே நின்றபடியே கேட்டாள்.

“தம்பி, ஒங்களுக்கும் ஒரு இலை போட்டிருக்கு. வந்து ஒரு வாய் சாப்பிடுங்க.”

“பரிமாறணும்மா. ஆளு இல்ல.”

“சரி, வேலை முடிச்சிட்டு வாங்க, இருக்கேன். தம்பி, ஒண்ணு கேக்கணும். வர்ற பஸ்ஸுல எல்லாம் கேக்குறதுதான். எங்க அப்பாரு சடையன். இந்த மலைக்கு வந்தப்ப அவரோட அண்ணன் முத்தன் ஓலைக்குடிலயே நின்னுட்டாரு. அவரு வகையறாவுல யாராச்சும் இருக்காங்களான்னு தெரியுமா? காயிதம் போட்டுப் போட்டுப் பாத்தோம், பதிலே வரல. எனக்கு அண்ணன் மகனோ பேரனோ யாரோ ஒருத்தர் அங்க இருப்பாங்கல்ல. ஒரு தடவ பாத்துட்டாப் போதும்.”

நெல்லைநாயகத்துக்கு அவளை இதற்கு முன்னால் தெரியாது. ஆனால் தன் தாத்தா சாகிற வரைக்கும் மழை பெய்தால் வாசலில் நின்று, “சடையன் இருக்கிற மலையிலயும் பெய்யும்” என்று சொல்லிக்கொண்டிருந்தது தெரியும். தனக்கு முன்னால் நிற்பது தன்னுடைய அப்பாவுக்குத் தங்கை முறை, தனக்கு அத்தை என்பது கணக்குப் போடாமலே தெரிந்தது. பின்னால் பஸ்ஸுக்குள் முப்பத்தெட்டு வாய்கள் மெல்லுகிற சத்தம் கேட்டது. தாசில்தார் ஜன்னலோரம் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் திருநெல்வேலிம்மா” என்றார். “ஓலைக்குடி எந்தத் திசைன்னுகூட எனக்குத் தெரியாது.”

“அப்படிங்களா” என்றாள் காத்தாயி. “ஒங்க நெத்தியப் பாத்து எங்க அப்பாரு நெத்தி மாதிரி இருக்கேன்னு நெனச்சிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.” பஸ் கிளம்பும் வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். வேலை முடிந்ததும் அவர் போகவில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மதியம் ஒரு அருவிக்கு எதிரே பஸ்ஸை நிறுத்தி இறங்கியபோது, புல்வெளியில் நாற்பது இலைகளும் வரிசையாகப் போட்டிருந்தன. அதே சோறு, அதே உருளைக்கிழங்குப் பிரட்டல், அதே கீரை, அதே தேங்காய்ச் சம்பல், அப்பளம் நொறுங்காமல் இருந்தது. தண்டாயுதம் எண்ணிப் பார்த்தார். நாற்பது சரியாக இருந்தது. இது பேக்கேஜில் சேர்ந்ததா, தனியா என்று ஒருவர் கேட்டதற்கு, சேர்ந்ததுதான் என்று சொன்னார். எல்லாரும் இலைகளை மிதிக்காமல் சுற்றிப் போய் அருவியைப் படம் பிடித்தார்கள்.

அன்றிலிருந்து மதியம் பன்னிரண்டரைக்கு அவரவர் எங்கே இருக்கிறார்களோ அங்கே, அவரவர் காலடியில் இலை விழுந்தது. கண்டி மாளிகை வாசலில் விழுந்தது. சிகிரியாப் பாறையில் படியேறிக்கொண்டிருந்தபோது படிக்கு ஒன்றாக விழுந்தது. முதல் நாள் கொஞ்சம் தயக்கம் இருந்தது, இரண்டாம் நாள் இலைக்கு இடம் விட்டு நாற்காலி போடப் பழகினார்கள், மூன்றாம் நாள் வாட்சைப் பார்க்காமலே இலையைப் பார்த்து மாத்திரை போட்டுக்கொண்டார்கள். ஓட்டல்காரர்கள் தரை ஈரம் என்று எழுதிய மஞ்சள் பலகையைக் கொண்டுவந்து நட்டு வைத்தார்கள். காக்கை இலைமேல் உட்காரவில்லை, ஈயும் மொய்க்கவில்லை. சுனிலுக்கு மட்டும் இலை வரவில்லை.

சுனில், ஐயாவுக்குச் சிங்களத்தில் சொல்கிற மாத்தயாவைச் சேர்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் தண்டாயுதத்திடம் சொல்லிப் பார்த்தார். “மாத்தயா, நான் சாப்பிட்டது. எனக்கு வரல. இவங்க சாப்பிட்டா போயிரும்.”

“அது எங்களுக்கும் தெரியும்யா” என்றார் தண்டாயுதம். “நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு.”

நெல்லைநாயகம் கண்டியில்தான் கவனித்தார். மற்ற முப்பத்தொன்பது இலைகளிலும் பாயாசம் இருந்தது, தன்னுடைய இலையில் இல்லை. சமையல்காரர் கண் அல்லவா, ஒரு கரண்டி குறைந்தாலும் தெரிந்துவிடும். மறுநாள் அப்பளம் இல்லை. மற்றவர்களுடையது விருந்தாளிக்குப் போட்ட இலை. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, போட்டது போட்டபடி இருக்கும். அவருடையது ஒருத்தி ஆளை எதிர்பார்த்துப் போட்டது. காத்தாயியின் எதிர்பார்ப்பு குறையக் குறைய இலையிலிருந்தும் ஒவ்வொன்றாகக் குறைகிறது என்று அவருக்கு யாரும் சொல்லாமலே விளங்கியது.

விமானத்தில் நடைபாதை நெடுக இலைகள் கிடந்தன. பணிப்பெண் தள்ளிக்கொண்டு வந்த வண்டி மேலே ஏறிப் போயும் ஒரு பருக்கை நசுங்கவில்லை. திருச்சியில் சுங்க அதிகாரி, சாப்பாட்டுப் பொருள் ஏதாவது கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். காலடியில் ஆவி பறக்கும் இலையை வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அதிகாரியும் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. முதலில் இலையைப் பசுவுக்குக் காட்டினார்கள். பசு முகர்ந்துவிட்டு விலகிப் போனது. வேலைக்கார அம்மாள், “வீணாத்தானே கெடக்கு, நான் எடுத்துக்கறேனே” என்று கையை வைத்தபோது அவள் கைக்குத் தரைதான் அகப்பட்டது. யாருக்குப் போட்டதோ அவர் மட்டும்தான் தொட முடியும் என்று தெரிந்ததும், வீடுகளில் ஒரு மரியாதை பிறந்துவிட்டது. லோகாம்பாள்தான் முதலில் இலையைச் சுற்றிக் கோலம் போட்டாள். அன்னபூரணியே தங்கள் வீட்டைத் தேடி வருகிறாள் என்று சொல்லி, இலைக்குக் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுற்றுலா போனவர்களின் வாட்ஸப் குழுவில் அந்தப் படம் வந்த மறுநாள் எல்லார் வீட்டிலும் கற்பூரம் எரிந்தது. தச்சரை வரவழைத்து இலைக்கு மேலே கண்ணாடிக் கூண்டு செய்தவர்கள் உண்டு. பார்க்க வருகிறவர்களுக்குச் சுண்டல் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், ‘இலை வருகிற குடும்பம்’ என்று தரகர் காதோடு சொன்னால் போதும், மற்ற பேச்செல்லாம் சுருக்கமாக முடிந்தது. யார் சமைத்தது, யார் போட்டது என்ற பேச்சு மட்டும் கிடையாது. கும்பிட்டார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைக்கவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறையில் நெல்லைநாயகத்துக்கும் இலை வந்துகொண்டிருந்தது. வந்த முதல் நாளே அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஜன்னலையும் சாத்தினார். யாருக்குத் தெரியப் போகிறது, சாப்பிட்டுவிடலாம் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றில் கையை வைத்தார். சிமெண்டுத் தரை விரலில் இடித்தது. மறுபடி வைத்தார், மறுபடி இடித்தது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. பந்தியில் போட்ட இலை அது, நாலு பேருக்கு முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டுப் போட்டது. கதவைச் சாத்திக்கொண்டவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. மறுநாள் உருளைக்கிழங்கும் கீரையும் சேர்ந்தே போயிருந்தன.

அதற்குப் பிறகு அவர் தினமும் மதியம் இலைக்கு முன்னால் உட்கார்ந்து என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார். சம்பல் போனது. ஊறுகாய் போனது. பருப்பு போனது. சோறு கைப்பிடி கைப்பிடியாகக் குறைந்தது. இன்னும் கொஞ்ச நாளில் ஒன்றுமே இருக்காது, அதோடு அத்தை என்று ஒருத்தி இருந்ததும் இல்லாமல் போய்விடும். நாலு பேருக்கு முன்னால் உட்காரவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அப்படி உட்கார்ந்தால் நாற்பத்தோரு வருஷத்துப் பிழைப்பு ஒரே மதியத்தில் போய்விடும். இந்த வயதில் கரண்டியைத் தவிர அவருக்கு வேறு எதையும் பிடிக்கத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பார். மதியம் இலையைப் பார்த்து அழுவார். மாலையில் குளித்து, விபூதி பூசிக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குச் சமைக்கப் போவார்.

ஒன்றரை மாதம் கழித்துத் தண்டாயுதம் ஒரு சின்ன மண்டபத்தில் சுற்றுலா போனவர்களின் சந்திப்பு வைத்தார். படங்களைத் திரையில் போட்டுப் பார்ப்பது, சேர்ந்து சாப்பிடுவது, அடுத்த பயணத்துக்குப் பேர் கொடுப்பது. அடுத்த பயணத்துக்குக் கேட்கவே வேண்டாம், இலை வேண்டும் என்று ஊரே முண்டியடித்தது. சமையல் நெல்லைநாயகம். காலையில் அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று தண்டாயுதம் இலங்கைக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், அடுத்த மாசம் அம்பத்திரண்டு பேரு வர்றோம். போன தடவ மாதிரியே நல்லா எல்லாத்தையும் சமைச்சு இலை போட்டுடுங்க. நம்மாளுங்க சாப்பிட மாட்டாங்க, அத ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. ஆனா இலை போட்டுடணும். மறந்துடப்படாது, என்ன?”

நெல்லைநாயகம் கத்தியைக் கீழே வைத்தார். அந்த மலையில் மறுபடியும் வீட்டுக்கு வீடு அரிசி சேர்ப்பார்கள். மறுபடியும் மூன்று நாள் கருவாட்டை ஒளித்து வைப்பார்கள். பிறகு கத்தியை எடுத்து மிச்சத்தையும் நறுக்கி, சாம்பார் வைத்து, ரசம் வைத்து, எல்லாவற்றையும் இறக்கினார். அன்றைக்கு அவர் வைத்த ரசம்போல அவரே வைத்ததில்லை.

பன்னிரண்டரைக்கு மண்டபத்தில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் காலடியில் இலைகள் விழுந்தன. கற்பூரத் தட்டு ஒரு சுற்று வந்தது. பரிமாறுவதற்காகச் சாம்பார் வாளியோடு நடு மண்டபத்தில் நின்ற நெல்லைநாயகத்தின் முன்னாலும் ஒரு இலை விழுந்தது. முழுசாக, பச்சையாக, வெறுமையாக இருந்தது. இடது மூலையில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பு.

அவர் வாளியை ஓரமாக வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, நடு மண்டபத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“என்ன நாயகம், பசியா? பந்தி முடியட்டுமே” என்றார் தண்டாயுதம் சிரித்துக்கொண்டே.

“எனக்கு ஓலைக்குடிங்க” என்றார் நெல்லைநாயகம். குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. “குளத்துக்குக் கீழ. முத்தன் பேரன். எம்பேரு சின்னமுத்து. இந்தச் சாப்பாட்டப் போட்டது எங்க அத்தை.”

உப்பை விரலால் தொட்டார். விரலில் உப்பு ஒட்டியது. அதை நாக்கில் வைத்துக்கொண்டார், கண்ணை மூடிக் கடைசிக் கல் கரையும் வரைக்கும் வைத்திருந்தார். கண்ணைத் திறந்தபோது அவருக்கு முன்னால் இலை இல்லை.

யாரும் கத்தவில்லை, யாரும் திட்டவில்லை. படித்தவர்கள். சிவசிதம்பரம் தன் தட்டில் வைத்திருந்த வடையை மெதுவாக ஒதுக்கி வைத்தார். லோகாம்பாளுக்கு அன்றைக்கும் விரதம் என்று நினைவு வந்தது. ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார். பதினோரு வருஷமாக அவர் கைச்சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்த வயிறுகள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து, வணங்கிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வாசலுக்குப் போயின. அவரவர் கல்லுமலை இலை அவரவர் பின்னால் போயிற்று. சாம்பாரும் ரசமும் ஆறிக்கொண்டிருந்தன.

“ஏன்யா இப்படிப் பண்ணினே?” என்றார் தண்டாயுதம். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். “யாரு ஒன்னைய கேட்டா? சொல்லாம இருந்திருந்தா எல்லாருக்கும் நல்லதாப் போயிருக்குமே.” அன்று சாயங்காலம் அறையைக் காலி பண்ணச் சொன்னார். நோட்டீஸில் சமைப்பவர் நம்மவர் என்ற வரி அப்படியே இருந்தது, ஆளைத்தான் மாற்றினார்.

சின்னமுத்துவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கவலை இல்லை என்று அவரே ஆச்சரியப்பட்டுக்கொண்டார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் பையை வைத்துவிட்டு, மறுநாள் மதியம் தரையைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, உட்கார்ந்து பார்த்தார். இலை வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. சாப்பிட்டவனுக்கு எதற்கு வரும்? மூன்றாம் நாள் பழைய நோட்டீஸின் பின்பக்கத்தில் இருந்த ராஜமாணிக்கம் மாஸ்டரின் நம்பரைத் தேடிப் போன் போட்டார். ஊர், இடம், தாத்தா பெயர், அப்பா பெயர், தன் பெயர், அன்றைக்குச் சமைக்க வந்தவர் தான்தான் என்பது எல்லாவற்றையும், யாரும் கேட்பதற்கு முன்னால், வரிசையாகச் சொன்னார்.

“அட கடவுளே, சேர், இத அன்னைக்கே சொல்லியிருக்கப்படாதா?” என்று மாஸ்டர் சந்தோஷத்தில் திணறினார். “காத்தாயி அக்கா இப்பல்லாம் யாரையும் கேக்கிறதில்ல. விட்டுருச்சு. இருங்க, வைக்காதீங்க, லயத்துக்குத்தான் போறேன்.”

மாஸ்டர் நடக்கிற சத்தம் போனில் கேட்டது. கோழி கத்தியது. குழாயடியில் யாரோ பாத்திரம் தேய்த்தார்கள். சின்னமுத்து லாட்ஜ் அறையில் எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அத்தை என்று கூப்பிடுவதற்காகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மாஸ்டர் மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்வது கேட்டது. அப்புறம் தூரத்திலிருந்து, அந்தக் குரல்.

“யாரு, அந்தச் சமையக்காரத் தம்பியா? அவருகிட்டதான் நான் நேர்லயே கேட்டேனே மாஸ்டர், ஓலைக்குடி எந்தத் திசைன்னுகூடத் தெரியாதுன்னு சொன்னாரே. வேற யாரோ அவரு பேரச் சொல்லிப் பேசுறாங்க, போனை வச்சிருங்க. அந்தத் தம்பியப் பாத்தா பொய் சொல்ற ஆளாத் தெரியல.”